ஐந்தரை மணி நேரம்

மே 4

என் அறைத்தோழி நவமணிக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் தனி நெடும்பயணம். எட்டாம் தேதி மதியம் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளம்பி, காரைக்குடிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இருக்க மாட்டார். விமானத்தில் அவள் மட்டும்.

அவளைவிட நான் நான்கு மணி நேரம் கூடப் பறந்திருக்கிறேன். வானிலைத் தேர்வில் எனக்குத் தொண்ணூற்றொன்று. அவளுக்கு எழுபத்திரண்டு; எழுபதுக்குக் கீழே போனால் தோல்வி. அந்த எழுபத்திரண்டும் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வாங்கியது. எந்த மேகம் சாது, எந்த மேகம் ஆளை அடிக்கும் என்று மெஸ் மேஜையில் உப்பைக் கொட்டிப் படம் போட்டுக் காட்டியவள் நான்.

கேப்டன் வரதராஜிடம் நேரே போய்க் கேட்டேன். தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

"உனக்கு அவசரம் ஜாஸ்தி, செண்பகவல்லி. அந்தப் பொண்ணு சொன்னதைக் கேக்குது. நீ கேள்வி கேக்குற."

கேள்வி கேட்டால் விமானம் ஓட்டத் தெரியாதா?

மே 6

சீருடை இரண்டும் துவைத்தாயிற்று. காலையில் விமானத்தின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைச் சுரண்டும் வேலை என் தலையில். நவமணி அறையில் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டுக்கொண்டு ஏதோ முனகிப் பாடுகிறாள். பவானிக்காரிக்குப் பாட்டு வேறு.

"ஏம்புள்ள, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லீன்னா சோத்தத் தின்னு. நேத்தும் திங்கல நீயி."

திரும்பிப் படுத்துக்கொண்டேன். இன்றோடு அவளுடன் பேச்சு கிடையாது.

மே 7

நாளைக் காலை வானிலை டியூட்டி எனக்கு. அவள் போகிற நாளில்தானா வந்து தொலைய வேண்டும்? இந்தச் சின்ன ஓடுதளத்தில் வானிலை அலுவலகம் இல்லை. மதுரை விமான நிலையத்தின் அறிக்கையையும் அன்றைய முன்னறிவிப்பையும் ஒரு மாணவர் ஆறு மணிக்கு இணையத்திலிருந்து இறக்கி, புரிகிற மாதிரி வெள்ளைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். கேப்டன் அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுவார். அதை நம்பித்தான் எல்லோரும் பறக்கிறோம்.

அவளுக்காக நான் நாலரைக்கு அலாரம் வைத்து எழ வேண்டுமாம்.

மே 8

நவமணியின் விமானம் இறங்கும்போது விபத்து. உயிரோடு இருக்கிறாள்.

மே 9

நேற்று ஒன்றேகாலுக்கு அவள் கிளம்பினாள். விமானத்தில் ஏறும்போது மெஸ் பக்கம் திரும்பி எனக்குக் கை காட்டினாள். நான் காட்டவில்லை. கையில் தட்டு இருந்தது.

இரண்டே முக்கால் மணிக்குச் சிறுமலைப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. மழை இன்னும் வரவில்லை, காற்று மட்டும். இடி மேகத்துக்கு அடியில் குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழும், தரையில் மோதி நாலாபக்கமும் பாயும், மழைக்கு முன்னால் அது வந்து சேரும். புத்தகத்தில் நாலு வரி. நேரில் அப்படி இல்லை. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும், காலையிலிருந்து மேற்கே நீட்டிக்கொண்டிருந்த காற்றுப்பை ஒரு நொடி துவண்டு தொங்கி, பிறகு விறைத்துக்கொண்டு கிழக்கே திரும்பியது.

சரியாக அந்த நேரம் நவமணி மேற்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு எதிரே வர வேண்டிய காற்று முதுகில் அறைந்தது. சக்கரம் தரையைத் தொடவே மாட்டேன் என்றது. பாதி ஓடுபாதை போயிற்று. முக்கால் போயிற்று. கடைசியில் தொட்டு, வேலியைப் பிய்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் மூக்கு குத்தி நின்றது.

எல்லோரும் ஓடினோம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். "காலு புள்ள… காலு…" என்றாள். பேச்சு இல்லாமல் இருந்தவளிடம்தான் அதைச் சொன்னாள்.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. இடுப்பில் விரிசல். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

காற்று திரும்பியதும் ரேடியோவில் 'இறங்காதே, மேலே ஏறு' என்று சொல்லியிருக்க வேண்டியவர் கேப்டன். சொன்னேன், அவள் கேட்கவில்லை என்கிறார். ரேடியோ அறை வாசலில் நின்ற மூன்று பேரும் அவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே அறைய வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

மே 10

காலையில் எல்லோரையும் வகுப்பறையில் உட்காரவைத்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் நாலு பட்டை.

"இது முழுக்க மாணவியோட தப்பு. பதற்றம். இறங்க முடியலன்னா மேல ஏறணும்னு முதல் மாசமே சொல்லிக்கொடுக்கிறோம். வானிலையில ஒரு குறையும் இல்ல. விசாரணைக்கு வர்றவங்ககிட்ட யாரும் கண்டதையும் பேசாதீங்க."

ஒரு குறையும் இல்லையாம்! கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறவள் எதிர்த்துப் பேச முடியாது என்கிற தைரியம். விசாரணை முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு.

வெள்ளைப் பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. எட்டாம் தேதி சாயங்காலமே அவர் கையாலேயே அழித்தாராம். சாட்சியை அழிக்கிறவனுக்குப் பெயர் கேப்டன்.

பலகை அழிந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எவளாவது சொன்னால் அவள் நாக்கை அறுப்பேன்.

மே 11

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜெபமாலை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, அறிக்கையில மணி பக்கத்துல ஒரு இசட் போட்டிருக்கே, அது எதுக்கு?"

"உலக நேரம். ஊருக்கு ஊரு கடிகாரம் வேற. விமானம் நாடு விட்டு நாடு போகும். அதனால வானிலை அறிக்கை எல்லாம் ஒரே நேரத்துல இருக்கும். நம்ம கடிகாரத்துக்கு அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டணும்."

"மறந்துட்டா?"

"மறக்கக் கூடாது!" என்று கத்தினேன். "அதான் படிக்கீங்கல்ல? அஞ்சும் அரையும் கூட்டத் தெரியாதவ எல்லாம் எதுக்கு விமானம் ஓட்ட வாரீங்க?"

அழுதுகொண்டே போய்விட்டாள். போகட்டும்.

மே 12

மதுரை ஆஸ்பத்திரி. நவமணியின் கால் தொங்கவிட்டிருக்கிறது. அவள் அப்பா பவானியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மூன்று நாளாக அதே சட்டையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுங் கண்ணு. எம்புள்ள பலகையப் பாத்துத்தான் போனேங்குது. அங்க இருக்கறவங்க அப்படி ஒண்ணுமே இல்லைங்கறாங்க. நீங்க படிச்சவீங்க, நீங்களே சொல்லுங்க."

நவமணி மெதுவாகச் சொன்னாள். "இடி மழ ஒம்பதுல இருந்து பன்னண்டு வரைக்கும்னு எழுதியிருந்துச்சு. நான் கெளம்புனதே ஒண்ணேகாலுக்கு. எல்லாம் முடிஞ்சுருச்சுன்னுதான நெனச்சேன்? நான் பதறல புள்ள. எப்படி மேல ஏறோணும்னு எனக்குத் தெரியும். திடீர்னு அடிச்சுருச்சு, ஓடுபாதையும் முடிஞ்சுபோச்சு."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன். பில்லைக் காட்டி மருந்து வாங்கி வந்தேன். திரும்பும் பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொன்ன கண்டக்டரிடம் சண்டை போட்டேன்.

மே 13

என் நோட்டு இது. இதில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

முன்னறிவிப்பில் இருந்தது: 0900 முதல் 1200 வரை இடியுடன் மழை, பலத்த காற்று. உலக நேரம். ஐந்தரை கூட்டினால் மதியம் இரண்டரை முதல் மாலை ஐந்தரை. நான் கூட்டவில்லை. அப்படியே 'காலை 9 – 12' என்று எழுதினேன். 'காலை' என்ற சொல்லை நானாகவே சேர்த்தேன். எரிச்சலில், தூக்கக் கலக்கத்தில், அவளுக்காக எழுந்திருக்க வேண்டியதாயிற்றே என்ற கடுப்பில், மூன்று நிமிடத்தில் எழுதி முடித்தேன். தொண்ணூற்றொன்று வாங்கியவள்.

கேப்டன் வந்தார், மூலத்தைக் கேட்கவில்லை, கையெழுத்தைக் கிறுக்கினார், டீ குடிக்கப் போனார். அவர் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பார். அவர் வேலையே அதுதான்.

பலகை அழிந்துபோயிற்று. ஆனால் டியூட்டி பார்த்ததற்கு அத்தாட்சியாக அதைப் படம் எடுத்து வைப்பது வழக்கம். படம் என் போனில் இருக்கிறது. என் எழுத்து; கீழே அவர் கையெழுத்து.

மே 15

கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாளை மறுநாள் விசாரணை. அன்னைக்கு வானிலை யார் எழுதினாங்கன்னு கேட்டா நீதான்னு சொல்லு. சரியா எழுதினேன்னு சொல்லு. முடிஞ்சுது."

"சரியா எழுதலையே சார்."

"எனக்குத் தெரியும்." நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் நடந்தப்புறம்தான் மூலத்தப் பார்த்தேன். ஏன் அழிச்சேன்னு நினைக்கிற? எனக்காக மட்டுமா? உன் எழுத்தும்தானே அதுல இருந்துச்சு. ஒரு பொண்ணோட படிப்பு போச்சு. ரெண்டு பேரோடது போகணுமா?"

பறப்பு அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இருபத்திரண்டாம் தேதி உனக்கு நெடும்பயணம் போட்டிருக்கேன். போய்ப் படி."

நவமணியின் இடத்தை எனக்குத் தருகிறார். அவள் காலை உடைத்ததற்குக் கூலி மாதிரி. 'வேண்டாம்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்று என் வாய் சொல்லிற்று. அறைக்கு வந்து தலையணையைக் குத்திக் குத்தி உறை கிழிந்துவிட்டது. அதைத் தைக்க வேண்டும்.

மே 17

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் லலிதாம்பிகை. காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி. குரலை உயர்த்துவதே இல்லை. கேப்டன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு வானிலை நீதானே எழுதின?"

"ஆமா மேடம்."

"சரியா எழுதினியா?"

கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். என்னை அவ்வளவு நிச்சயமாக நம்பிவிட்டார் அந்த மனிதர். அந்த நிச்சயம்தான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டாம் தேதியைப் போட்டு என்னை வாங்கியாயிற்று, இனி ஜன்னலைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்!

போனை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"தப்பா எழுதுனேன் மேடம். உலக நேரத்த நம்ம நேரமா மாத்தல. நவமணி மேல எந்தத் தப்பும் இல்ல. பலகையில இருந்தத நம்பிப் போனா. கீழ இருக்கது சாரோட கையெழுத்து. சார் மூலத்தக் கேக்கவே இல்ல. சாயங்காலம் பலகைய அவருதான் அழிச்சாரு."

"செண்பகவல்லி!" என்று கேப்டன் எழுந்தார்.

"உக்காருங்க கேப்டன்," என்றார் அந்த அம்மாள். படத்தைப் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தார். "இத ஏன் ஒன்பது நாள் கழிச்சுக் காட்டுற?"

"பயமா இருந்துச்சு."

"தப்பா எழுதிட்டோம்னு எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஆஸ்பத்திரியில. நவமணி சொன்னப்ப."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மே 19

கேப்டனைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நவமணி மேல் குற்றம் இல்லை. கால் சரியானதும் அதே வகுப்பில் தொடரலாம். எனக்கு மூன்று மாதம் பறக்கத் தடை.

மெஸ்ஸில் கைதட்டினார்கள். ஜெபமாலை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையச் சொன்னீங்களேக்கா" என்றாள். கையை உதறினேன். எதற்குக் கைதட்டுகிறார்கள் இந்த மடையர்கள்?

மே 24

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நவமணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்தார்.

"எல்லாஞ் சொன்னாங்க புள்ள," என்றாள். "தப்பா எழுதிப்போட்ட. செரி, ஆராயிருந்தாலும் வரும். ஆனா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்ட பாரு. எங்கப்பாரு அழுதுட்டாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் உட்கார முடியவில்லை.

"விசாரணையில, ஆஸ்பத்திரியில வச்சுத் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்லா, அது பொய்," என்றேன். "அன்னைக்கு ரெண்டு மணி தாண்டி பத்து நிமிஷம் இருக்கும். தட்டு கழுவிட்டு நிமிந்தேன். சிறுமலைக்கு மேல மேகம் காலிஃபிளவர் மாதிரி கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நான் அஞ்சரை கூட்டலைன்னு."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"காரைக்குடிப் பக்கம். ரேடியோவுல சொல்லியிருந்தா திருச்சிக்குத் திருப்பியிருப்பாங்க."

"ரேடியோ ரூமு எவ்வளவு தூரம்?"

"இருநூறு அடி இருக்கும்."

"அப்பறம் என்ன பண்ணுன?"

"நின்னேன். போய்ச் சொன்னா கேப்டன் எல்லார் முன்னாலயும் சிரிப்பாரு, தொண்ணூத்தொண்ணு வாங்குனவளப் பாருங்கன்னு. மேகம் கலைஞ்சு போயிரும்னு நெனச்சேன். கழுவுன தட்டையே திரும்பக் கழுவுனேன். முப்பத்தஞ்சு நிமிஷம்."

வார்டில் யாரோ இருமினார்கள். நவமணி தொங்கும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எழுதுனது கை," என்றாள். "நின்னது நீயி."

"நவமணி…"

"பேசாத. அந்தம்மாகிட்ட இதையுஞ் சொல்லு. சொல்லிப்போட்டு என்ற கண்ணுல படாத. எங்கப்பாரு வாரதுக்குள்ள போயிரு. அவரு உனக்கும் சேத்து டீ வாங்கிட்டு வருவாரு. அதக் குடிக்கற ஓக்கியத உனக்கில்ல."

மாடிப்படியில் அவர் மூன்று டம்ளரோடு ஏறி வந்துகொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவர் போனதும் இறங்கினேன்.

மே 25

லலிதாம்பிகை அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். முப்பத்தைந்து நிமிடத்தையும் எழுதினேன்.

ஜூன் 9

மூன்று மாதத் தடை ஆறு மாதமாயிற்று. வானிலைத் தேர்வைத் திரும்ப எழுத வேண்டும். மெஸ்ஸில் இப்போது யாரும் என் மேஜைக்கு வருவதில்லை. இதுவாவது நேர்மையாக இருக்கிறது.

அம்மா கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். "வந்துருட்டி, வேற படிப்பு படிக்கலாம்." வர மாட்டேன் என்றேன். ஏன் என்றாள். தெரியவில்லை. இங்கிருந்து ஓடினால் அது இன்னொரு முப்பத்தைந்து நிமிடம்.

நவம்பர் 26

நவமணி திரும்பி வந்துவிட்டாள். காலுக்குள் கம்பி. லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டாள். என் அறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஜெபமாலையோடு தங்குகிறாள். வழியில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

டிசம்பர் 14

தடை முடிந்தது. தேர்வும் முடிந்தது, எண்பத்தெட்டு. தடைக்குப் பிறகு இன்றுதான் எனக்கு முதல் வானிலை டியூட்டி. புதிய தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் திலகவதி பலகையை வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. மழைக்கான குறிப்பு எதுவும் இல்லை.

பதினோரு மணிக்கு நவமணி தனியாகப் பறப்பதாக இருந்தது. விபத்துக்குப் பிறகு முதல் தடவை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மதுரையிலிருந்து புது அறிக்கை. கிழக்கே இடி மேகம் வளர்கிறது என்று அதில் ஒரே ஒரு குறிச்சொல் கூடியிருந்தது. அவ்வளவுதான். பலகையில் எழுதிவிட்டு நடந்து போய்க் கேப்டனிடம் சொல்லியிருக்கலாம்.

ஓடினேன். செருப்பு கழன்று போயிற்று. அவள் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்துகிற நேரம். "இறங்கு! போகாத! இறங்கு!" என்று ஓடுதளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கேப்டன் திலகவதி அறிக்கையை வாங்கிப் பார்த்து, வானத்தைப் பார்த்து, "ரெண்டுங்கெட்டானா இருக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மழை வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மேகம் அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. நாலு மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மெஸ்ஸில் ஒருவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நான் ஓடியதுபோல ஓடிக் காட்டினான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் துணிக்கொடியருகே நவமணி வந்து நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு.

"ஏழு மாசமா இந்த ஒரு நாளுக்குக் காத்துட்டு இருந்தேன். கெடுத்துப்போட்ட! ஒரு சொட்டு உழுந்துச்சா? ஆறுமாசம் கட்டில்ல கெடந்தவளுக்குத் தெரியும் ஒரு நாளுன்னா என்னன்னு. அப்ப பேசவேண்டியவ பேசல, இன்னைக்கு என்னத்துக்குத் தொண்ட கிழியக் கத்துன? திமிரா உனக்கு?"

கையில் ஈரத் துணியோடு எல்லாவற்றையும் நின்று கேட்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. மூச்சு வாங்கினாள். திரும்பி நாலடி நடந்து நின்றாள்.

"நாளைக்கு மறுபடியும் எனக்குப் போட்டிருக்காங்க. வானிலை ஆரு?"

"ஜெபமாலை."

என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் குறையவே இல்லை.

"மாத்தி வாங்கிக்க," என்றாள். "நீயே எழுது."

காலைச் சாய்த்து நடந்து போய்விட்டாள்.